முடி கொட்டிய கினி பிக்... கைகொடுத்த குடமிளகாய்!

மேல் வீட்டில் இருந்தவர்கள் காலி செய்துபோனபோது, பால்கனியில் ஒரு கூண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு கினி பிக். முதுகில் பாதி முடி இல்லை. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. கிண்ணத்தில் காய்ந்த சோறும் பிஸ்கட் துண்டும்.

'வேறு வீடு கிடைக்கும் வரைக்கும்' என்றுதான் தூக்கிவந்தேன். கால்நடை மருத்துவரின் முதல் கேள்வி, "பச்சைக் காய்கறி கொடுத்தாங்களா?"

நம்மைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி-யைத் தயாரிக்காதாம். உணவில் கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். மூட்டு வீங்கி, நடக்கவே வலிக்கும். முடி கொட்டியது சொறிப்பூச்சியால், அதற்கு ஊசி. "வீட்ல இருக்கிற அமாக்ஸிசிலினைக் கொடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து" என்றும் எச்சரித்தார்.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்தால் வீரியம் போய்விடும். வாயில்தான் விட வேண்டும். கூடவே தினமும் குடமிளகாய்த் துண்டு, எந்நேரமும் புல். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, மென்றால்தான் தேயும். அரைநாள் சாப்பிடாமல் கிடந்தாலே விபரீதம் என்பதால், முதல் மூன்று இரவும் அலாரம் வைத்து எழுந்து சிரிஞ்சில் கூழ் ஊட்டினேன்.

மூன்றாவது வாரம் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும், 'வீக்... வீக்...' என்று ஒரே சத்தம்! "எலியை எல்லாம் வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்ற அம்மா, இப்போது கொத்தமல்லித் தண்டை இதற்கென்றே எடுத்துவைக்கிறார்.

கூட்டமாக வாழும் பிராணி இது. ஏற்கெனவே கினி பிக் வளர்க்கும் வீடாகத் தேடுகிறேன். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.