இறகுக்காற் குஞ்சுகளைப் பழக்குதல்

ஊர்க்கோழியின் காலை உற்று நோக்கினால், கணுவுக்குக் கீழே இறகின்றிச் செதிள்களே அடுக்கடுக்காக அமைந்திருக்கக் காணலாம். கொச்சின், பிரமா, பட்டுக்கோழி ஆகிய இனங்களோ இதற்கு மாறானவை. இவற்றின் கால்களில் இறகு முளைத்து, வெளிவிரலின் நுனிவரை படர்ந்திருக்கும். முட்டையை உடைத்து வந்த குஞ்சின் ஈரம் உலர்ந்தவுடனேயே, காலிற் பஞ்சு சுற்றினாற் போன்ற மென்தூவி தோன்றிவிடும்.

பெயரை நம்பி இவற்றின் ஊரைத் தேடுபவர் ஏமாந்து போவர். கொச்சின் என்பது மலையாள நாட்டுக் கொச்சியன்று; வியத்நாமின் தென்பகுதிக்கு முன்னர் வழங்கிய கொச்சின்சீனா என்னும் பெயரின் குறுக்கம். பிரமா என்பதோ பிரமபுத்திரா நதியின் பெயர். ஆயினும் இவற்றின் முன்னோருட் பெரும்பாலானவை சீனத்து ஷங்காய்த் துறைமுகத்திற் கப்பலேறியவையே. 1840 களில் இங்கிலாந்தை அடைந்த கொச்சின் அந்நாட்டாரைக் கோழிப் பித்துக்கொள்ளச் செய்தது. 1852 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேண்ஹாம் என்னும் அமெரிக்கர் பிரமாக் கோழிகள் ஒன்பதை விக்டோரியா மகாராணியாருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

அழகுக்காக வளர்க்கும் இக்கோழிகளைப் பழக்குவது வெறும் பொழுதுபோக்கென்று சிலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. வெறுங்காலுள்ள கோழியை வாழ்நாள் முழுவதும் கையால் தொடாமலே வளர்த்துவிடலாம். இறகுக்காற் கோழிக்கு அது பொருந்தாது. மாரிகாலத்துச் சேறு அதன் விரலிறகைப் பற்றிக் காய்ந்து கல்லாய் இறுகும். செதிளுக்கடியிற் குடிபுகும் நுண்ணிய உண்ணியை இறகு மறைத்துவிடும். ஆகவே கிழமைக்கொரு முறையாவது கோழியை மடியில் இருத்திக் காலைப் பார்த்தல் வேண்டும். மனிதனைக் கண்டு மிரளும் கோழியைக் கிழமைதோறும் துரத்திப் பிடிப்பது அதற்கும் துன்பம், நமக்கும் துன்பம். நாளடைவில் அவ்வழக்கமே கைவிடப்படும். பின்னர் கோழி நொண்டத் தொடங்கும்போதுதான் நோய் தெரியவரும்.

அச்சம் எப்பொழுது பிறக்கிறது என்பதை டக்ளஸ் ஸ்போல்டிங் என்னும் ஆங்கிலேயர் ஆராய்ந்து 1873 ஆம் ஆண்டில் எழுதினார். பொரித்த குஞ்சுகளின் கண்களை அவர் சிறு முகமூடியால் மறைத்து வைத்தார். இரண்டு மூன்று நாட்களுக்குள் மூடி நீக்கப்பட்டவை அவரையே தாயெனப் பின்தொடர்ந்தன. ஏறக்குறைய நான்கு நாட்கள் மூடியிருந்தவையோ அவரைக் கண்டதும் பேரச்சங்கொண்டு ஓடின. பிற்காலத்தில் வாத்துக் குஞ்சுகளையும் பிற பறவைகளையும் கொண்டு ஒஸ்திரிய நாட்டறிஞர் கொன்றாட் லோறென்ஸ் இவ்வியல்பை விரிவாக விளக்கினார். நாம் அறியவேண்டியது இதுவே: பழக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், முதற்சில நாட்களில் எளிதாய் முடிவது பல கிழமை உழைப்பாகிவிடும்.

குஞ்சைத் தூக்கும் முறையிலேயே பலர் தவறுவர். மேலிருந்து இறங்கும் கை, குஞ்சின் கண்ணுக்குப் பருந்தாகவே தோன்றும். குஞ்சுப் பெட்டியை மேசைமேல் வைத்து, பக்கவாட்டிற் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையோடு தாழ்த்தி வைத்திருங்கள். அதிற் சிறிது தீனை இட்டு, தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருந்தாற் குஞ்சு தானே ஏறிவரும். பிடிக்க வேண்டாம், ஏறியதும் இறங்க விடுங்கள். நாளொன்றுக்கு நான்கைந்து முறை சில நிமிடம் இவ்வாறு செய்வது, ஒரே முறை நெடுநேரம் கையில் வைத்திருப்பதிலும் நன்று. நெடுநேரம் வைத்திருந்தாற் குஞ்சு குளிரால் வாடும். இரண்டாங் கிழமையில், மார்பைக் கையால் தாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். பட்டுக்கோழி வளர்ப்போர் இன்னொன்றையும் மறத்தலாகாது. வளர்ந்தபின் அதன் கொண்டை இறகு கண்ணை மறைக்கும். ஆதலால் தொடுமுன் குரல் கொடுத்தல் வேண்டும். இன்றேல் பழகிய கோழியுந் திடுக்கிடும்.

முதற் கிழமையில் வெப்பம் 95 பாகை பரனைற் அளவில் இருத்தல் வேண்டும். பின்னர்க் கிழமைதோறும் 5 பாகை குறைக்கலாம். எனினும் வெப்பமானியிலும் குஞ்சுகளே நல்ல சாட்சி. மின்குமிழின் கீழ் நெருங்கிக் கூடினாற் குளிர். விலகி வாய்திறந்து மூச்சுவாங்கினாற் சூடு.

பெட்டியின் தரையிற் புதினத்தாளை மட்டும் விரித்தாற் குஞ்சின் கால் வழுக்கி, இருபுறமும் அகன்று கோணிவிடும். முதற்சில நாட்களுக்குச் சொரசொரப்பான துணியையும், பின்னர் உலர்ந்த உமியையும் பரப்புங்கள். நீர்த்தட்டைக் குஞ்சின் மார்பளவுக்குச் செங்கல்மேல் உயர்த்தி வைத்தாற் காலிறகு நனையாது. ஈரமான உமி இறகை அழுக்காக்குவதோடு இரத்தக் கழிச்சல் நோய்க்கும் இடமளிக்கும். காலிற் புதிய இறகு முளைக்கும்போது அதன் தண்டில் இரத்தம் நிறைந்திருக்கும். பிற குஞ்சுகள் அதனைக் கொத்தி ஒருமுறை இரத்தங் கண்டால் விடமாட்டா; காயம்பட்டதை உடனே பிரித்து வையுங்கள்.

விரலில் இறுகிய மண்ணுருண்டையை ஒருபோதும் பிய்த்தல் ஆகாது. நகமும் உடன் கழன்று வரும். இளஞ்சூட்டு நீரிற் காலை அமிழ்த்தி, மண் தானே கரையுமட்டும் பொறுத்திருந்து, நன்கு துடைத்துலர்த்துங்கள். மடியில் அமைதியாய் அமரும் கோழிக்கே இப்பணி இயலும். செதிள் தடித்து மேலெழும்பினால் உண்ணி புகுந்ததென்று கொள்ளலாம். அதற்கு வசலினைத் தடிப்பாக நாள்தோறும் பூசுதல் வேண்டும். மண்ணெண்ணெய் பூசும் பழைய வழக்கம் தோலைப் புண்ணாக்கும்.

சேவற்குஞ்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மனிதனிடம் அச்சமே இல்லாது வளர்ந்த சேவல், பருவமெய்தியதும் அவனையும் ஓர் எதிரிச் சேவலாகக் கருதிப் பாயக்கூடும். ஆதலாற் சேவற்குஞ்சு கையைக் கொத்த முனையும்போது அதனை விளையாட்டென எண்ணி ஊக்கலாகாது. சிறு பிள்ளைகளை அதனோடு தனியே விடுதலும் ஆகாது. பெரிய உடலும் அடர்ந்த இறகும் உள்ள இவ்வினங்களுக்கு நம் நாட்டுக் கோடை கடுமையானது. நிழலும் குளிர்ந்த நீரும் எப்பொழுதும் இருக்கட்டும். உறங்குங் கொம்பு தரையிலிருந்து ஓரடிக்கு மேற்படாதிருக்கட்டும். மழை பெய்த நாட்களில், முற்றம் உலருமட்டும் கூட்டினுள்ளேயே தீனியிட்டு வைத்திருங்கள்.