மறந்து போகும் கம்ப்யூட்டர்!

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு நாள் காலை அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்த கட்டுரையைக் காணோம் சார்! சேவ் கூடச் செய்தேனே!" என்றாள்.

அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் பழுது. அதனால், அவளுடைய அண்ணன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, அதிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக் கொடுத்திருந்தான். சேவ் செய்த கட்டுரை எங்கே போயிற்று? வாருங்கள், துப்பறிவோம்!

டிஸ்க் இல்லாமலே ஓடும்!

ஹார்டு டிஸ்க்கில் பதிக்காமல், சி.டி.யிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேரடியாக ஓடும் இயங்குதளத்துக்கு 'லைவ்' இயங்குதளம் என்று பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் க்னாப்பர் 2000-ஆம் ஆண்டு உருவாக்கிய 'நாப்பிக்ஸ்' இவற்றில் புகழ் பெற்றது. ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் 'பப்பி லினக்ஸ்' என்பதை வெளியிட்டார். பப்பி என்பது அவருடைய செல்ல நாயின் பெயர்!

வரைபடமும் டிரேசிங் தாளும்

பூகோள வகுப்பில், அச்சிட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து ஆறுகளை வரைவீர்கள் அல்லவா? கீழே உள்ள வரைபடத்தில் ஒரு கோடு கூட விழாது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே படமாகத் தெரியும்.

லைவ் இயங்குதளமும் அப்படித்தான். பென்டிரைவில் சுருக்கி வைத்திருக்கும் இயங்குதளம், அச்சிட்ட வரைபடம். அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. நீங்கள் எழுதுவதெல்லாம் 'ரேம்' என்ற நினைவகத்தில் விரித்த டிரேசிங் தாளில் விழுகிறது. ரேமுக்கு மின்சாரம் இருக்கும் வரைதான் ஞாபகம். கம்ப்யூட்டரை நிறுத்தியதும் தாள் குப்பைக்குப் போய் விடும். கட்டுரையும் அதோடு போயிற்று!

தாளுக்கும் அளவு உண்டு

லினக்ஸில் இந்த ரேம் தாளுக்கு, வேறு அளவு சொல்லாவிட்டால், மொத்த ரேமில் பாதி வரைதான் இடம். 4 ஜி.பி. ரேம் இருந்தால் 2 ஜி.பி. கிடைக்கும். அதில் சினிமாப் படங்களை நிரப்பினால், மற்ற புரோகிராம்களுக்கு ரேம் போதாமல் கம்ப்யூட்டர் திணறும்.

இன்னொரு வேடிக்கை! இயங்குதளத்தோடு வந்த ஒரு விளையாட்டை நீக்கினாலும் இடம் மிச்சமாகாது. ஏனென்றால், டிரேசிங் தாளில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டப்படுகிறது, அவ்வளவுதான். அடியில் விளையாட்டு அப்படியே இருக்கும். நீங்களே சேர்த்த கோப்பை அழித்தால் மட்டும் இடம் திரும்பக் கிடைக்கும்.

சேமிக்க என்ன வழி?

* பென்டிரைவிலேயே ஒரு பகுதியை, எழுதியதைக் காப்பாற்றுவதற்கென்று ஒதுக்கலாம். டிரேசிங் தாளை நோட்டுக்குள் பத்திரப்படுத்துவது போல! பப்பி லினக்ஸ், முதன்முறை நிறுத்தும்போதே "சேமிக்கவா?" என்று கேட்கும். "வேண்டாம்" என்று அவசரமாக அழுத்தி விடாதீர்கள்.

* பென்டிரைவில் ஒவ்வோர் இடத்திலும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று வரம்பு உண்டு. அதனால்தான் பப்பி எழுத்தையெல்லாம் ரேமில் வைத்துக் கொண்டு, அவ்வப்போது மொத்தமாகப் பென்டிரைவுக்கு மாற்றுகிறது.

* டெர்மினல் திரையில் டி, எஃப் என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். எவ்வளவு இடம் பாக்கி என்று தெரியும்.

* முக்கியமான பாடங்களை இன்னொரு பென்டிரைவிலும் நகல் எடுத்து வையுங்கள். எந்தப் பென்டிரைவும் ஒரு நாள் பழுதாகலாம்.

நம் மாணவி என்ன செய்தாள்? நல்ல வேளை, நோட்டில் கையால் எழுதிய பிரதி இருந்தது. அண்ணனிடம் சொல்லிச் சேமிக்கும் இடத்தை ஒதுக்கச் செய்து, மறுபடி டைப் செய்தாள். இப்போது கம்ப்யூட்டரை நிறுத்தும் முன், "எங்கே சேமித்தேன்?" என்று ஒரு முறை கேட்டுக் கொள்கிறாளாம்.

நீங்களும் கேட்பீர்கள்தானே?