மூழ்கிய மதகும் குறுந்தட்டு இசையும்

செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்தால், விநாடிக்கு இத்தனை கன அடி என்று நீர் வெளியேறும். ஏரியின் மட்டமும் மதகின் திறப்புமே அந்த அளவை முடிவு செய்யும். ஆனால் வெளிப்புறக் கால்வாயில் நீர் ஏறி மதகை மூழ்கடித்தால்? நீரோட்டம் குறைந்துவிடும்!

குறுந்தட்டு இசைக்கருவிக்குள்ளும் இதே தொல்லை உண்டு. குறுந்தட்டில் இசை எண்களாகப் பதிந்துள்ளது. ஒவ்வொரு செவிக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். 1980களில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய டி.டி.ஏ.1541 என்ற சில்லு இவற்றை மின்னோட்டமாக மாற்றுகிறது. மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் இடையே 4 மில்லிஆம்பியர் வேறுபாடு. ஆனால் அடுத்துள்ள பெருக்கிக்கு வேண்டியது மின்னழுத்தம்.

"ஒரு மின்தடையைப் போட்டால் போதுமே!" என்பீர்கள். 1,500 ஓம் தடையில் 4 மில்லிஆம்பியர் பாய்ந்தால் 6 வோல்ட், கணக்கு சரிதான். ஆனால் அந்த 6 வோல்ட் சில்லின் வாயிலிலேயே ஏறி நிற்கும். மூழ்கிய மதகுதான்! சில்லு தாங்குவதோ வெறும் 25 மில்லிவோல்ட். மீறினால் மின்னோட்டம் எண்ணுக்கேற்ப வராது, இசை திரியும்.

எனவே ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கியின் எதிரிடை உள்ளீட்டில் சில்லை இணைக்கிறார்கள். 1,500 ஓம் தடை, ஆப்-ஆம்பின் வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்குத் திரும்பி வருகிறது. மின்னோட்டம் முழுவதும் தடை வழியே பாயுமாறு ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டை ஏற்றி இறக்கும். 6 வோல்ட் மறுமுனையில் தோன்றும்; சில்லின் வாயிலோ சுழி வோல்ட்டை ஒட்டியே நிற்கும்.

ஒன்று பாக்கி. எண் மாறும்போது மின்னோட்டம் படிபடியாகத் தாவுகிறது. ஆப்-ஆம்ப் அவ்வளவு விரைவாக ஓடாது. தாவலை மட்டுப்படுத்தத் தடைக்கு இணையாக ஒரு மின்தேக்கி வைப்பார்கள். அதில் தாராளம் கூடாது. 0.01 மைக்ரோபாரட் போட்டால் 10,600 ஹெர்ட்ஸிலேயே கீச்சொலிகள் மங்கிவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு போட்டால் காதுக்குக் குறை தெரியாது.