முப்பதாயிரம் ரோஜாக்களும் பத்து மூதாதையரும்

பெயர் சூட்டிப் பதிவான ரோஜா ரகங்கள் உலகில் 30,000-ஐத் தாண்டும். காட்டு ரோஜாவில் சுமார் 150 இனங்கள் உண்டு. ஆனால் தோட்ட ரோஜாக்களின் வம்சாவளியைத் துருவினால், அதில் பெரும்பங்கு பத்து இனங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ரகங்களின் எண்ணிக்கையை மரபணு வளத்தின் அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது. ஒரு செடியின் ஒற்றைக் கிளை திடீரென நிறம் மாறிப் பூக்கும். அதன் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டினால் புது ரகம், புதுப் பெயர். புகழ்பெற்ற ‘பீஸ்’ ரோஜாவிலிருந்து ‘சிகாகோ பீஸ்’ வந்தது இப்படித்தான். தாய்ச்செடிக்கும் அதற்கும் மரபணு வேறுபாடு ஏறத்தாழ இல்லை.

இந்தக் குறுகலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறைதான் பூத்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்துசேர்ந்த சீன ரோஜாக்களோ மீண்டும் மீண்டும் பூத்தன. பூப்பதைத் தடுக்கும் மரபணு ஒன்று அவற்றில் செயலிழந்திருந்தது. இது ஒடுங்கு பண்பு; அந்த மரபணுவின் எல்லாப் பிரதிகளும் செயலிழந்தால்தான் தலைகாட்டும். ஆகவே வளர்ப்பாளர்கள் சீன வழித்தோன்றல்களுடனேயே திரும்பத் திரும்பக் கலப்பு செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ரகங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரோஜாக்கள் ஐரோப்பிய மரபிலிருந்து ஆசிய மரபுக்கு நகர்ந்ததை உறுதிசெய்தது.

மரபணு வளம் குறுகிவிட்டது என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இன்றைய ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு தொகுதி குரோமோசோம்கள். ஒரே காயின் விதைகள்கூட வெவ்வேறு செடிகளாக முளைக்கின்றன. பிறகு எங்கே பற்றாக்குறை என்று கேட்கலாம். செடிக்குள் வேறுபாடு மிகுதி என்பது உண்மைதான். ஆனால் ஒரே சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்தாலும், அதில் இல்லாத சீட்டு கைக்கு வராது. அழுத்தமான மஞ்சள் நிறம் வேண்டி லியோனின் ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டுஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900-இல் ‘சோலெய் டோர்’ ரகத்தை வெளியிட்டார். நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் இயல்பும் வழிவழியாகப் பரவியது. உண்ணாத செடிதானே, மருந்து தெளித்துச் சமாளிக்கலாமே என்பார்கள். தெளிப்பு நோயை அடக்கும். எதிர்ப்புத் திறனைப் படைக்காது. செலவும் நச்சும் பயிரிடுபவர் தலையில்தான் விழுகின்றன.

சீட்டுக்கட்டில் இல்லாத சீட்டு வெளியிலிருந்துதான் வரவேண்டும். கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்பாளர் வீரராகவன், மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும் வங்கத் தாழ்நில இனமான ரோசா கிளைனோஃபில்லாவையும் கலப்பில் சேர்த்தார். வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோஜாவுக்கு அது வழி திறந்தது. காட்டு இனங்களைக் கலப்பதில் சிரமம் உண்டு: முதல் தலைமுறைகள் பெரும்பாலும் சிறுபூக்களோடும் ஒற்றைப் பருவத்தோடும் நிற்கும், விற்பனைக்கான அழகு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காத்திருப்பைச் சந்தை மட்டும் தாங்காது என்பதால்தான், காட்டு இனங்களின் வாழிடங்களையும் பழைய ரகங்களின் சேகரிப்புகளையும் காப்பது பொது நிறுவனங்களின் பொறுப்பாகிறது.