ஜீப்பை உயர்த்துமுன் ஆர்மைப் பாருங்கள்



உசிலம்பட்டியிலிருந்து மல்லப்புரம் வழியே மயிலாடும்பாறைப் பக்கம் வசூலுக்குப் போகும் நம்மவர் சிலர், கல் இடிக்கிறதென்று ஸ்பிரிங் மாற்றி ஜீப்பை உயர்த்திக் கொள்கிறார்கள். அத்தோடு செலவு முடிந்ததென்று நினைப்பு!

சேசிஸோடு சக்கரத்தைப் பிணைக்கும் கை போன்ற இரும்புதான் ஆர்ம். பழைய எம்.எம். 540 ஜீப்பில் பட்டை ஸ்பிரிங்தான். இந்தத் தொல்லை இல்லை. 2020-இல் வந்த தாரில் முன்சக்கரத்துக்கு மேலும் கீழும் ஆர்ம் உண்டு. வண்டி உயர உயர அவை கீழ்நோக்கிச் சாயும். பால் ஜாயிண்ட் இழுபடும், சக்கரம் கோணும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இதைச் சரிக்கட்டவே கோணம் மாற்றிய மேல் ஆர்ம் விற்கிறார்கள்.

கொஞ்சமாக உயர்த்தியவர்கள் முதலில் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். அளவு வராவிட்டால் மட்டும் ஆர்முக்குப் பணம் போடலாம். வாங்கும்போது பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வெல்டிங்கைப் பாருங்கள், பால் ஜாயிண்ட் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். புஷ்ஷுக்குப் பதில் இரும்பு உருண்டை ஜாயிண்ட் வைத்தது பந்தயக்காரர்களுக்கு. நம் புழுதியில் ஆட்டம் கண்டு சத்தம் போடும். ரப்பர் புஷ்தான் நமக்குக் கட்டுபடி.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் இதைக் கிளப்பக்கூடும். ஆகவே மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.