குழந்தைகளின் கரப்பான்: கிறீமும் கவனமும்

பகலில் விளையாட்டில் மறந்திருந்த அரிப்பு, இரவில் பாயில் படுத்ததும் தலைதூக்கும். முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் இரத்தம் கசியும்வரை பிள்ளை சொறியும். உம்மாவுக்கும் தூக்கமில்லை. எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள வீடுகளில் இது வழக்கம். கச்சான் வீசும் மாதங்களில் வியர்வையும் புழுதியும் சேர, நமது கரையோர ஊர்களில் தொல்லை இன்னும் கூடும்.

அரிப்பைச் சிறு விடயமாக எண்ணாதீர்கள். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டிருந்தும், அரிப்பினால் வருந்திய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பட்டாடைக்குச் சலுகை வழங்கியமை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. பெரியவர்களுக்கே அப்படியென்றால், சொல்லத் தெரியாத மழலையின் வேதனையை நாம் எவ்வளவு கவனிக்க வேண்டும்!

ஆனால், தாய்மார் பலர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் தந்த ட்யூபை பாமசியில் கேட்டு வாங்கிப் பூசுவது. மற்றது, 'ஸ்டெரொயிட்' என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து, வைத்தியர் தந்த கிறீமையும் தொடாமல் வைப்பது.

ஹைட்ரோகோட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்ட செய்தி 1952இல் வெளியானது. அன்று முதல் இவ்வகைக் கிறீம்கள் பல வந்துவிட்டன. எல்லாம் ஒரே வலுவுடையவை அல்ல. 1 வீத ஹைட்ரோகோட்டிசோன் மென்மையானது. பீட்டாமெதசோன் வலியது. க்ளோபெட்டசோல் மிகமிக வலியது. வலிய கிறீமைக் குழந்தையின் முகத்திலும் மடிப்புகளிலும் நெடுநாள் பூசினால் தோல் மெலியும். உடலெங்கும் பூசிவந்தால் மருந்து இரத்தத்தில் கலந்து வளர்ச்சியையும் பாதிக்கலாம். சரியான வலுவுள்ளதை வைத்தியர் சொன்ன நாட்களுக்குப் பூசினால் அந்த ஆபத்து மிகக் குறைவு. பயந்து பாதியில் விட்டால் அழற்சி தணியாது. சொறிந்த புண்ணில் கிருமி சேரும்.

எவ்வளவு பூசுவது? பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக்கோடுவரை பிதுக்கிய கிறீம் ஏறக்குறைய அரைக் கிராம். பெரியவரின் விரல்கள் சேர்ந்த இரு உள்ளங்கையளவு இடத்துக்கு அது போதும். சிவந்து அரிக்கும் இடத்தில் மட்டும் பூசுங்கள்.

கரப்பான் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. ஆகவே, புண் ஆறிய பின்னரும் தினமும் தோலுக்கு ஈரப்பசை கொடுக்க வேண்டும். இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்தவுடன் வாசலின் போன்ற களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். அதற்கும் ஸ்டெரொயிட் கிறீமுக்கும் இடையில் அரைமணி நேரம் விடுங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மெல்லிய பருத்தி உடுப்பே நல்லது.

'கிரந்தி' என்று மீனையும் முட்டையையும் பாலையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வைத்தியர் சொல்லாமல் நிறுத்தினால் பிள்ளையின் போசாக்கே குறையும்.

வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம்; வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இவற்றுக்கு ஸ்டெரொயிட் மருந்தல்ல. காய்ச்சலுடன் நீர்க்கொப்புளங்களோ சீழோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது, வீட்டில் இதுவரை பூசிய ட்யூபுகள் அனைத்தையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.