குதிரை லாயத்தில் வெடித்த தோட்டாக்கள்

பித்தளையின் பிடிவாதமும் அதைத் தணித்த நெருப்பும்

இந்தியாவில் பிரிட்டிஷ் பட்டாளம் முகாமிட்டிருந்த காலம் அது. மழைக்காலம் வந்துவிட்டால் படைகளின் நடமாட்டம் குறைந்துவிடும். துப்பாக்கித் தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிப் பத்திரப்படுத்தி வைப்பார்கள். எங்கே தெரியுமா? பல இடங்களில் குதிரை லாயந்தான் அதற்குக் கிடங்கு! கூரை இருக்கிறது, காவல் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தார்கள்.

மழை ஓய்ந்ததும் பெட்டிகளைத் திறந்தால் ஒரே திகைப்பு. பல தோட்டாக்கள் வெடித்துக் கிடந்தன!

வெடித்துக் கிடந்தன என்றதும் 'டுமீல்' என்ற சத்தத்தை எண்ணிக்கொள்ளாதீர்கள். மண்பானையில் விரிசல் ஓடுவதுபோலப் பித்தளைக் கூட்டில் விரிசல் ஓடியிருந்தது. அதிலும், கூடு குண்டைக் கவ்விப் பிடித்திருக்கிற கழுத்துப் பகுதியில்தான் விரிசல் அதிகம். அந்தத் தோட்டாக்களை யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை, தொடக்கூட இல்லை. சும்மா கிடந்த பித்தளை தானாகவே கீறிக்கொண்டது.

சிப்பாய்க்கு இது சில்லறை விஷயம் அல்ல. விரிசல் விட்ட கூட்டைச் சுட்டால், வெடிமருந்தின் ஆவி பின்புறமாகப் பீறிடலாம். கூடு துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கலாம். எதிரி எதிரே நிற்கும்போது துப்பாக்கி அடைத்துக்கொண்டால் கதி என்ன?

அந்த அனுபவம் பிரிட்டிஷ் படைக்கு ஏற்கெனவே உண்டு. 1885-ம் ஆண்டு ஜனவரி மாதம் சூடான் நாட்டில் அபு கிளியா என்ற இடத்தில் நடந்த சண்டையில், மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகள் பல அடைத்துக்கொண்டன. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகள் அவற்றில் பயன்பட்டன. அதன் பிறகுதான் ஒரே துண்டுப் பித்தளையை இழுத்துச் செய்த கெட்டியான கூடுகளுக்கு மதிப்பு வந்தது. அப்படிப்பட்ட கெட்டிக் கூடுதான் லாயத்தில் கிடந்து கீறிக்கொண்டது என்றால், அதிகாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை அல்லவா?

கம்பியை வளைத்துப் பாருங்கள்

காரணத்தை அறிவதற்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து வளையுங்கள். முதல் தடவை வாழை நார்போல வளையும். அதை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி வளையுங்கள். இப்போது கொஞ்சம் விறைப்பு தெரியும். இப்படியே மாற்றி மாற்றி வளைத்தால், கடைசியில் பட்டென்று ஒடிந்துவிடும். ஒடிவதற்கு முன்பே அந்தக் கம்பியை நெருப்பில் காட்டி எடுத்திருந்தால், மறுபடியும் நார்போல வளைந்திருக்கும்.

நம் ஊர்ப் பாத்திரத் தொழிலாளிக்கு இது கைவந்த பாடம். பித்தளைத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிக் குடமாக்கும்போது, கொஞ்ச நேரத்தில் தகடு விறைத்துப்போகும். மேற்கொண்டு அடித்தால் கீறிவிடும். உடனே அதை உலையில் வைத்துக் காய்ச்சுவார். தகடு இளகிவிடும். மறுபடி அடி, மறுபடி காய்ச்சு. ஒரு குடம் உருவாவதற்குள் தகடு பல தடவை நெருப்பைப் பார்த்துவிடும். இதைத்தான் இங்கிலீஷ்காரர்கள் 'அனீலிங்' என்கிறார்கள்.

நெருப்பு என்ன செய்கிறது? உலோகம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்களின் கூட்டம். அடித்தாலும் இழுத்தாலும் படிகங்களுக்குள்ளே அணு வரிசைகள் நழுவி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கல் மிகுந்தால் மேற்கொண்டு நழுவ இடமில்லை, அதுவே விறைப்பு. போதிய சூடு கிடைத்ததும் அணுக்கள் இடம் மாறி ஒழுங்காக அமர்கின்றன. பழைய படிகங்கள் மறைந்து புதியவை முளைக்கின்றன.

எஃகுக்கும் பித்தளைக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும். பித்தளை அப்படி அல்ல. தண்ணீரில் தோய்த்தாலும் காற்றிலே ஆறவிட்டாலும் இளக்கம் இளக்கந்தான்.

வில்லையிலிருந்து தோட்டா வரை

தோட்டாக் கூடு செய்யும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டிலிருந்து வட்டமான வில்லையை வெட்டி, அழுத்திக் கிண்ணமாக்குகிறார்கள். கிண்ணத்தை அச்சுக்குள் தள்ளி இழுத்து நீளமாக்குகிறார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பித்தளை விறைக்கும். நடுவே காய்ச்சி இளக்கினால்தான் அடுத்த இழுப்பைத் தாங்கும். கடைசியில் அடிப்பாகத்தை அழுத்தித் தட்டிக் கெட்டியாக்கி, மேற்பாகத்தைக் குறுக்கிக் கழுத்தாக்குகிறார்கள்.

முடிந்த கூட்டில் அடியும் கழுத்தும் ஒரே பதத்தில் இருக்கக் கூடாது. வெடிக்கும்போது எழும் அழுத்தத்தின் பெரும் பாரத்தைத் தாங்க வேண்டிய அடிப்பாகம் கடினமாக இருக்க வேண்டும். குண்டைக் கவ்வும் கழுத்தோ இளக்கமாக இருக்க வேண்டும். ஆகவே கழுத்துக்கு மட்டும் கடைசியாக ஒரு சூடு காட்டுகிறார்கள். இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் கழுத்தருகே நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படிந்திருக்கும். அது அழுக்கு அல்ல. நெருப்பு வைத்த முத்திரை! கடைகளில் விற்கும் தோட்டாக்களில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள்.

குற்றவாளி அகப்பட்டான்

லாயத்து மர்மத்துக்கு 1921-ம் ஆண்டில் விடை கிடைத்தது. இங்கிலாந்தில் வுல்விச் ஆயுதசாலையின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் விளக்கத்தை வெளியிட்டார்கள்.

குற்றவாளி யார்? குதிரையின் மூத்திரம்!

மூத்திரம் மட்கும்போது அம்மோனியா ஆவி கிளம்புகிறது. லாயத்துக்குள் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நெடிதான். மழைக்கால ஈரம் பித்தளைமீது பனிபோலப் படிகிறது. அந்த ஈரத்தில் அம்மோனியா கரைந்து செம்பை அரிக்கிறது. அதிலும் படிகமும் படிகமும் சேரும் எல்லைக்கோடுகளைத் தேடிப் பிடித்து அரிக்கிறது.

ஆனால் அம்மோனியா மட்டும் குற்றவாளி அல்ல. இழுத்தும் நெருக்கியும் செய்த கூட்டுக்குள்ளே ஓர் இழுவிசை அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே அமைதியாகத் தோன்றும் பித்தளை, உள்ளே நாணேற்றிய வில்லைப் போல முறுக்கேறி இருக்கிறது. அம்மோனியா ஒரு நுண்ணிய கீறலுக்கு வழி திறந்தால் போதும். உள்ளே இருக்கும் இழுவிசை அதைப் பிளந்துகொண்டு போகிறது. குண்டை நெருக்கிப் பிடித்த கழுத்திலே விரிசல் அதிகமாக இருந்தது ஏன் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

பரிகாரமும் அதிலேயே பிறந்தது. தோட்டாவை லாயத்தை விட்டு அகற்றி ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். கூட்டைச் சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேட் வரை மிதமாகச் சூடாக்கினால், கடினம் அதிகம் குறையாமல் உள் முறுக்கு மட்டும் தணிந்துவிடும். தணிந்ததா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. பாதரச உப்புக் கரைசல் ஒன்றில் பித்தளையை முக்கி எடுப்பார்கள். முறுக்கு மிச்சமிருந்தால் சற்று நேரத்தில் விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும்!

குறி பார்ப்பவரின் கவலை

பட்டாளத்தின் கவலை இப்படித் தீர்ந்தது. அதே பித்தளைக் கழுத்தைப் பற்றி இன்றும் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தொலைதூரக் குறி சுடும் போட்டிக்காரர்கள்தான் அவர்கள்.

இவர்கள் சுட்ட கூட்டை எறிந்துவிடுவதில்லை. புதிய பிரைமர், புதிய மருந்து, புதிய குண்டு வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். சுடும்போதெல்லாம் கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டுகிறது. பிறகு அதை அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். விரிவதும் சுருங்குவதுமாகச் சில சுற்றுகள் போனால், நாம் வளைத்த கம்பியின் கதைதான். கழுத்து விறைக்கிறது, கடைசியில் கீறுகிறது. கழுத்துச் சுவரின் கனம் பல கூடுகளில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குதான் என்றால் பாருங்களேன்!

கீறுவதற்கு முன்பே வேறொரு தொல்லை தலைகாட்டும். விறைத்த பித்தளை அச்சிலிருந்து வெளியே வந்ததும் சற்றே பின்வாங்கி விரியும். ஒரு கூடு கொஞ்சம், இன்னொரு கூடு கூடுதலாக. பத்துக் கூடுகள் பத்து விதமாகக் குண்டைப் பிடிக்கும். பிடி மாறினால் குண்டு கழன்று புறப்படும் கணமும், உள்ளே அழுத்தம் ஏறும் விதமும், அதனால் குண்டின் வேகமும் மாறலாம்.

வேகம் கொஞ்சம் மாறினால் என்ன என்று கேட்கலாம். 1,000 கஜ தூரத்துக் குறியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 2,600 அடி வேகத்தில் புறப்படும் குண்டின் வேகம் வெறும் 10 அடி மாறினாலும், 1,000 கஜத்தில் அது சுமார் 3, 4 அங்குலம் மேலோ கீழோ போய்விழும். அமெரிக்கப் போட்டிகளில் அந்தத் தூரத்துக்கு வைக்கும் பலகையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 20 அங்குலம். அதற்குள் இருக்கும் நடு வட்டம் 10 அங்குலம். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடும் 'எஃப் கிளாஸ்' போட்டியிலோ இந்த அளவுகள் பாதிதான்!

ஆகவே சிலர் ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும், சிலர் சில தடவைக்கு ஒரு முறையும், கழுத்துக்குச் சூடு காட்டுகிறார்கள். எல்லாக் கழுத்தும் ஒரே பதமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கூட்டின் ஆயுள் இதனால் நீளும் என்பதில் சண்டை இல்லை. குறி எவ்வளவு திருந்தும் என்பதில்தான் அபிப்பிராய பேதம். காற்றைக் கணிக்கத் தெரியாதவனுக்கும், மருந்தைச் சரியாக நிறுக்காதவனுக்கும், காய்ச்சிய கழுத்து கை கொடுத்துவிடாது!

நெருப்பு எதுவரை?

பழைய முறை எளிது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளை அடி நனைய நிறுத்தி, கழுத்தில் மட்டும் ஊதுவிளக்கின் சுவாலையைக் காட்டுவார்கள். நிறம் மாறியதும் கூட்டைத் தட்டித் தண்ணீரில் சாய்ப்பார்கள். தண்ணீர் பித்தளையைப் பதப்படுத்த அல்ல. சூடு அடிப்பாகத்துக்கு இறங்காமல் தடுக்க. பிற்பாடு, குறிப்பிட்ட உஷ்ணத்தில் உருகும் பூச்சுகள் வந்தன. இப்போது மின்சாரத் தூண்டலால் சில விநாடிகளில் கழுத்தை மட்டும் சூடாக்கும் இயந்திரங்களும் உண்டு.

அடிப்பாகத்துக்குச் சூடு ஏறினால் என்ன ஆகும்? அங்கேதான் ஆபத்து. சக்திவாய்ந்த ரைபிளில் சுடும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 முதல் 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழுகிறது. சுடுபவரின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் சில அங்குல தூரத்தில் இது நடக்கிறது! இளகிப்போன அடிப்பாகம் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கழுத்துக்கு மருந்தான நெருப்பே அடிக்கு நஞ்சு. அடி ஒரு முறை இளகிவிட்டால், மறுபடி காய்ச்சி அதைக் கடினமாக்கவும் முடியாது. அந்தக் கூட்டை நசுக்கி எறிய வேண்டியதுதான்.

இந்த வித்தை எல்லாத் துப்பாக்கிக்கும் உரியது அல்ல. 2008-ம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நம் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியில். அதில் பித்தளைக் கூடே கிடையாது. சிறிய '22' தோட்டாவை மறுபடி நிரப்பும் வழக்கம் இல்லை. நம் நாட்டில் தோட்டாக்கள் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. லைசென்ஸ் இல்லாதவர் கைவைக்கும் விஷயம் அல்ல இது.

ஆனாலும் இந்தக் கதையில் துப்பாக்கி பிடிக்காதவருக்கும் ஒரு சேதி உண்டு. அடுத்த முறை புளி போட்டுக் குடத்தைத் துலக்கும்போது அதன் கழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். தட்டுவதை எங்கே நிறுத்த வேண்டும், எப்போது நெருப்பில் வைக்க வேண்டும் என்று கைப்பழக்கத்திலேயே அறிந்த ஒரு தொழிலாளி அதை வளைத்திருக்கிறார். ஆயுதசாலையில் விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்ன உண்மையில் பாதி, அந்த உலைக்களத்தில் அன்றாட வேலையாக நடந்துவந்ததுதான்!